தேவநாதன் மீசையும் அரை மூட்டை இஞ்சியும்

இஞ்சியைக் கழுவியிருக்கக் கூடாது. அதுவும் மொட்டை மாடியில் கொட்டி, ஓஸ் பைப்பைப் பிடித்து, வண்டி கழுவுகிற மாதிரி கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட பிளாஸ்டிக் கவர்களில் போட்டு வாயை இறுக்கிக் கட்டியிருக்கவே கூடாது. இஞ்சியை வாங்கிவந்தபடியே மண்ணோடு வைத்து, வேண்டும்போது வேண்டியதை மட்டும் கழுவிக்கொள்ள வேண்டும் என்பது விழுப்புரத்தில் அடுப்பு மூட்டுகிற எல்லோருக்கும் தெரியும். தேவநாதனுக்கு மட்டும் தெரியாது. ஆனால் இஞ்சியைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிறவர் அவர்தான்.

நாலாவது நாள் காலையில் அவர் மனைவி அருணா, மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருந்த கவர்களில் ஒன்றைப் பிரித்தாள். பிரித்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்க."

"இன்னா?"

"ஊருக்கே வைத்தியம் பாக்கற உங்க இஞ்சிக்கு ஒடம்பு சரியில்ல."

வந்து பார்த்தார். இஞ்சியின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது. ஒரு துண்டை எடுத்து அழுத்தினார். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். இரண்டு பேருக்கு அரை மூட்டை இஞ்சி எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அதைச் சொல்வதற்கு தேவநாதனின் மீசையிலிருந்து தொடங்க வேண்டும்.

தேவநாதன் விழுப்புரத்தில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். அந்த வேலை அவருக்கு நன்றாக வரும். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். கையில் போன் வந்த பிறகு வைத்தியராகவும் ஆகிவிட்டார். கிடைத்த வீடியோவை எல்லாம் பார்த்து, கடைசியில் உலகத்தில் உள்ள அத்தனை வியாதிக்கும் இஞ்சிதான் மருந்து என்ற முடிவுக்கு வந்திருந்தார். அஜீரணமா, இஞ்சி. குமட்டலா, இஞ்சி. சளியா, மூட்டுவலியா, கொழுப்பா, எல்லாவற்றுக்கும் இஞ்சி. கடைக்கு வருகிறவர் போர் மோட்டார் எரிந்துபோன கதையைச் சொல்லி முடிப்பதற்குள், உங்களுக்கு வயிறு மந்தமாக இருக்குமே என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவருக்கு அப்போதுதான் வயிறு மந்தமாகும்.

தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் இஞ்சிச் சாறு குடிப்பார். பதினோரு மணிக்கு நெஞ்சு எரியும். அதற்கான மாத்திரை கடை மேசை டிராயரில், செப்புக் கம்பிச் சுருளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அந்த விஷயம் எந்த வீடியோவிலும் வராது.

மீசை அவருடைய இன்னொரு சொத்து. இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கிய மீசை. அதற்குத் தனி சீப்பு, தனி எண்ணெய், ஞாயிற்றுக்கிழமைதோறும் தனி மை. மீசை இல்லாத ஆண்பிள்ளை பேசினால் அவர் காதில் பாதிதான் விழும். அந்தக் கணக்கில் சம்பந்தி தணிகாசலம் பேசினால் ஒன்றுமே விழாது.

மகள் வெண்ணிலாவை ஆவணியில்தான் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை கோபி அதிகம் பேசமாட்டான். அவன் அப்பா தணிகாசலம் பேசவே மாட்டார். கிளியனூர் பக்கம் மல்லாட்டைக் கடலை போடுகிற நிலம் வைத்திருந்த அந்த மனுஷர், வழவழவென்று மழித்த மேலுதட்டோடு எந்நேரமும் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூடத்தில் மாட்டியிருந்த ஒரு பழைய போட்டோவில் முறுக்கு மீசைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். தணிகாசலத்தின் சாயல் இருந்தது. அண்ணனாக இருக்கும், அந்தக் குடும்பத்தின் மீசையெல்லாம் அவரோடு போய்விட்டது என்று தேவநாதன் முடிவுகட்டிக்கொண்டார்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவர் லட்சுமியம்மாள், மாப்பிள்ளையின் அம்மா. நிச்சயதார்த்தத்தன்று பாயசத்தைக் குடித்துவிட்டு இனிப்பு போதவில்லை என்றார். கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்பு ஏறவில்லை என்றார். காபியில் டிகாஷனே இல்லை என்றார். மாப்பிள்ளையைப் பெற்ற திமிர், வேறு என்ன என்று தேவநாதன் அருணாவிடம் சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு, மறுவீட்டு விருந்துக்குத் திண்டிவனம் போனபோது அந்த அம்மாள் வைத்த சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை. அவ்வளவு உப்பு. அந்த வீட்டார் யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், சோற்றை அதிகமாகப் போட்டுப் பிசைந்து, தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். மரக்காணத்து உப்பளம் பக்கத்தில் இருப்பதால் இவர்களுக்கு உப்பு சல்லிசாகக் கிடைக்கிறது போல என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு தீபாவளியோடு நின்றது. தலை தீபாவளிக்கு வந்துவிட்டுப் போன மகள், மாப்பிள்ளையிடம் ஒரு டப்பா லேகியம் கொடுத்தனுப்பினார்கள். அருணா கிண்டிய லேகியம், ஆனால் பக்கத்தில் நின்று யோசனை சொன்னவர் தேவநாதன். மறுநாள் லட்சுமியம்மாள் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள்.

"எல்லாம் நல்லா இருந்துச்சு சம்பந்தி. லேகியத்துலதான் இஞ்சியே தெரியல."

இஞ்சிக்கே வாழ்நாளைக் கொடுத்தவரிடம் இஞ்சி தெரியவில்லை என்றால் என்ன ஆகும். அன்று சாயங்காலமே இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்திருந்த வாட்ஸப் குரூப்பில் தேவநாதன் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். தலைப்பொங்கல் சீரோடு தம் கையால் கிண்டிய லேகியம் ஒன்று வரும், அதைச் சாப்பிட்டுவிட்டும் சம்பந்தியம்மா இஞ்சி தெரியவில்லை என்று சொன்னால், அந்த இடத்திலேயே மீசையை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். ஒன்றுவிட்ட மச்சான் முதல் சித்தப்பா பேரன் வரை எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். தணிகாசலம் என்னவோ எழுதிப் போட்டு, யாரும் படிப்பதற்குள் அழித்துவிட்டிருந்தார்.

வெண்ணிலா மட்டும் தனியாகப் போன் பண்ணினாள்.

"ஏம்பா இந்த வேல? இங்க எல்லாரும் உங்க மீசைய பத்தியே பேசிக்கினு இருக்காங்க. எனக்கு பேஜாரா இருக்குது."

"பேசட்டும்மா. பொங்கலுக்கு அப்புறம் இஞ்சிய பத்திப் பேசுவாங்க."

அதற்காகத்தான் மார்கழி பிறந்ததுமே மார்க்கெட்டுக்குப் போய் அரை மூட்டை இஞ்சியை வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வந்தார். பொங்கல் நெருங்கினால் நல்ல இஞ்சியை ஓட்டல்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்பது அவர் வாதம். அருணா சீர் சாமான் வாங்கக் கிளம்பியபோது, எதை வேண்டுமானாலும் வாங்கு, இஞ்சி சமாச்சாரத்தில் மட்டும் தலையிடாதே, அது என் பொறுப்பு என்று கறாராகச் சொல்லியும் விட்டார். அருணாவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பூசணம் பிடித்ததைப் பார்த்ததும் வேறு ஆளாக இருந்தால் மிச்சத்தை ஒரு சாக்கின் மேல் பரப்பிக் காய வைத்திருப்பான். தேவநாதன் போனை எடுத்தார். தோலைச் சீவித் தண்ணீரில் மூழ்க வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும் என்று ஒரு வீடியோவில் யாரோ சொன்னார்கள். ஒரு பாட்டிலில் நாலு துண்டு வைத்துக் காட்டினார்கள். தேவநாதன் அதை மூட்டைக்குச் செய்தார்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஸ்பூனால் தோல் சுரண்டினார். விரலெல்லாம் எரிந்தது. குண்டான், தூக்கு, டிபன் பாக்ஸ், வெண்ணிலா பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போன தண்ணீர் பாட்டில் வரைக்கும் இஞ்சியாயிற்று. ஃபிரிட்ஜில் இருந்த பால், தயிர், இட்லி மாவு எல்லாம் வெளியே வந்தது. மாவு பொங்கித் தரையில் வழிந்தது. மறுநாள் காலை, இஞ்சி இருந்த குண்டானைப் பேருக்கு அலம்பி அதில் பாலை ஊற்றிக் காய்ச்சினார்கள். பால் திரிந்தது. கழுவாத பாத்திரம் என்றார் தேவநாதன். அடுத்த நாளும் திரிந்தது. பாக்கெட் பாலே சரியில்லை, கலப்படம் என்றார். பச்சைப் பாலில் இஞ்சி பட்டால் திரியும் என்பது அவருடைய வைத்திய சாஸ்திரத்தில் இல்லை. அருணா மூன்று நாள் வரக்காபி குடித்துவிட்டு, நாலாம் நாள் பக்கத்து வீட்டு வேணியிடம் போய்க் காபி குடிக்க ஆரம்பித்தாள்.

ஃபிரிட்ஜை இந்த அளவுக்குத் திணித்தால் எதுவும் குளிராது. இஞ்சித் தண்ணீர் புளித்து நுரைத்தது. மோட்டார் ஓயாமல் ஓடி ஓடிச் சூடேறி, ஒரு மத்தியானம் உறுமிவிட்டு நின்றுபோனது. ஊர் மோட்டாரையெல்லாம் சரி பண்ணுகிறவர் வீட்டில் ஃபிரிட்ஜ் பார்க்க வெளியாள் வந்தான். அவனுக்கும் அஜீரணத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பாடம் நடந்தது.

அடுத்தது மணல். ஈர மணலில் புதைத்தால் இஞ்சி நிலத்தில் இருக்கிற மாதிரியே நினைத்துக்கொள்ளும் என்று இன்னொரு வீடியோ. வேணி மாடி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாசலில் கொட்டியிருந்த மணலில் எட்டுச் சட்டி கேட்டு வாங்கிவந்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு பாத்தி போட்டு, பிழைத்த இஞ்சியைப் புதைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். புதைக்கிறபோது மீசையில் மணல் படாமல் துண்டு கட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வேணி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, தெருப் பூனைங்களுக்கு கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்கீங்களாமே."

பொய் இல்லை. நிழலும் ஈர மணலுமாக அப்படி ஒரு வசதி அந்தத் தெருப் பூனைகளுக்கு இதுவரை கிடைத்ததில்லை. மூன்றாவது தெருவிலிருந்தெல்லாம் வந்துபோய்க்கொண்டிருந்தன. தேவநாதன் கையில் குச்சியோடு படிக்கட்டில் காவல் உட்கார்ந்தார். கடை பூட்டிக் கிடந்தது.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் தணிகாசலத்திடமிருந்து போன் வந்தது. அந்த மனுஷர் தாமாகப் போன் பண்ணுவது அதுதான் முதல் தடவை.

"சம்பந்தி, லேகியமெல்லாம் எதுக்கு. வுட்டுடுங்க. நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க, இவளுக்கு வந்து..."

பின்னாலிருந்து யாரு போன்ல என்று லட்சுமியம்மாள் குரல் கேட்டது. ராங் நம்பர் என்று தணிகாசலம் சொன்னதும் கேட்டது. இணைப்பு அறுந்தது.

"பயந்துட்டாங்க," என்றார் தேவநாதன் அருணாவிடம். "ஆள வுட்டுத் தூது பேசறாங்க பாரு." மீசையை ஒரு முறுக்கு கூடுதலாக முறுக்கினார்.

மணலைத் தோண்டிப் பார்த்தபோது கால்வாசி இஞ்சி அழுகியிருந்தது, கால்வாசியைப் பூனைகள் நாறடித்திருந்தன. எதை எடுப்பது, எதை எறிவது என்று அருணா தள்ளி நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எறிந்தது போகக் கால் மூட்டை தேறியது. இனி முழுசாக வைத்தால்தானே கெடும், அரைத்து வைத்துவிடலாம் என்று தேவநாதனே சொந்தமாக யோசித்தார். வீடியோ பார்க்காமல் அவர் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

முற்றிய இஞ்சியின் நார் மிக்ஸி பிளேடில் சுற்றிக்கொண்டு, காயில் எரிந்து, வீடு முழுக்கப் புகை. இது தமக்குக் கைவந்த வேலை என்று கடைக்குத் தூக்கிப் போய்த் தாமே காயில் கட்டினார். இஞ்சிக்குப் பலம் வேண்டுமென்று கொஞ்சம் தாராளமாகவே கை வைத்துக் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டதும் மூடி பறந்தது. இஞ்சி விழுது சமையலறைக் கூரையில் போய் அப்பிக்கொண்டது. காத்தாடி இறக்கையிலும் அப்பியது தெரியாமல், காற்று வரட்டும் என்று அருணா காத்தாடியைப் போட்டாள். அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் கண்ணைத் திறக்கவில்லை. காபி வேணி வீட்டிலிருந்து கொடுத்தனுப்பப்பட்டது.

கடைசியில் வேணி வீட்டு மிக்ஸியில் அரைத்தார்கள். அருணா சாற்றைப் பிழிந்து கொஞ்ச நேரம் தெளிய விடச் சொன்னாள். அடியில் வெள்ளையாகத் தங்குகிற சுண்ணாம்பை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும் என்றாள். அடியில்தான் சத்தே இருக்கிறது என்று சொல்லி, தேவநாதன் வண்டலையும் சேர்த்து உருளியில் ஊற்றினார்.

முற்றத்தில் அடுப்பைக் கொண்டுவந்து வைத்து, வெல்லம் போட்டு, நெய் ஊற்றி, காலையிலிருந்து மத்தியானம் வரை கிண்டினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கரண்டியில் எடுத்து ருசி பார்த்தார். முதல் வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்தாவது வாய்க்கு நாக்கு சுரீரென்றதோடு சரி. பத்தாவது வாயில் அவருக்கு வெல்லம் கூடத் தெரியவில்லை.

"தெரியலியே," என்றார்.

"இன்னா தெரியல?"

"இஞ்சி."

அருணா ஒரு விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். இருமல் நிற்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுங்க. இதுக்கு மேல போட்டா கொலக் கேசு ஆவும்."

அவர் கேட்கவில்லை. மிச்சமிருந்த இஞ்சி மொத்தமும் போயிற்று. பிறகு சுக்குப் பொடி, மிளகு, திப்பிலி. மறுபடி ருசி பார்த்தார், மறுபடி தெரியவில்லை, மறுபடி சுக்கு. லேகியம் தாரைப் போலக் கறுத்துச் சுண்டி, கரண்டியை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. தெருவில் போகிறவர்கள் தும்மிக்கொண்டு போனார்கள். பூனைகள் வருவது அன்றோடு நின்றது. எவர்சில்வர் தூக்கு நிறைய லேகியத்தை அடைத்து மூடியபோது தேவநாதன் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது சீர் கிளம்பியது. குட்டியானை வண்டியில் கரும்புக்கட்டு, புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், பூசணிக்காய், வாழைத்தார், மஞ்சள் கொத்து எல்லாம் ஏறியது. தூக்கை மட்டும் தேவநாதன் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் டிரைவர் இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டான். உள்ளே இன்னா சார் ஆசிட்டா என்று ஒரு தரம் கேட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டியபடியே ஓட்டினான்.

திண்டிவனத்தில் வீடு நிறைய ஆட்கள் கூடியிருந்தார்கள். சீர் பார்க்க வந்தவர்கள் பாதி, மீசை பார்க்க வந்தவர்கள் பாதி. குரூப்பில் கட்டைவிரல் காட்டிய அத்தனை பேரும் நேரில் வந்திருந்தார்கள். தணிகாசலம் வாசலிலேயே வந்து தேவநாதன் கையைப் பிடித்தார், எதையோ சொல்ல வாயெடுத்தார். லட்சுமியம்மாள் பின்னாலேயே வந்துவிட்டதால் வாங்க சம்பந்தி என்பதோடு முடித்துக்கொண்டார்.

சீர்த்தட்டுகளைக் கூடத்தில் வரிசையாக வைத்தார்கள். லட்சுமியம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, புதுப் பானை பக்கத்தில் நின்றார்.

"மஞ்சக் கொத்து இருக்குது. இஞ்சிக் கொத்து எங்க?"

பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் இலையோடு சேர்த்துக் கட்டுவார்கள். தலைப்பொங்கல் சீரில் அது இல்லாமல் ஆகாது. பச்சை இலையோடு ஒரு பிடி இஞ்சிச் செடி, மார்க்கெட் வாசலிலேயே கொட்டிக் கிடக்கும். எல்லோரும் அருணாவைப் பார்த்தார்கள். அருணா தேவநாதனைப் பார்த்தாள்.

"இஞ்சி அவரு பொறுப்புங்க," என்றாள்.

அரை மூட்டை இஞ்சி வாங்கிய மனுஷர், சீருக்கு வேண்டிய அந்த ஒரு கொத்தை மறந்திருந்தார். கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெண்ணிலா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மகள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அவமானம் என்றால் என்ன என்று அந்த நிமிஷம் தேவநாதனுக்கு நிஜமாகவே தெரிந்தது. அதை அங்கேயே துடைத்துவிட வேண்டுமென்று தூக்கை நடுக்கூடத்தில் வைத்தார்.

"கொத்து எங்கியும் கெடைக்கும் சம்பந்தியம்மா. இது கெடைக்காது," என்று மூடியைத் திறந்தார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். மரியாதைக்காக மாப்பிள்ளை கோபி முதலில் ஒரு உருண்டை வாயில் போட்டான். அவன் முகம் சிவந்தது, கழுத்து சிவந்தது, பிறகு எழுந்து யாரிடமும் சொல்லாமல் பின்கட்டுக்கு ஓடினான். ஒன்றுவிட்ட மச்சான் தொட்டு நக்கியதோடு சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். சித்தப்பா ஒருவர் மூச்சு வாங்கத் திண்டாடி, இஞ்சி தெரியுது, நல்லாவே தெரியுது, கொஞ்சம் சக்கரை குடுங்க என்றார். தேவநாதன் மீசை மெல்ல மேலே ஏறியது. எதிரே தணிகாசலம் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தண்ணீர் வேண்டும் போல என்று தேவநாதன் நினைத்துக்கொண்டார்.

லட்சுமியம்மாள் ஸ்பூனை ஒதுக்கிவிட்டுக் கையால் ஒரு பெரிய உருண்டையாக எடுத்தார். வாயில் போட்டார். நிதானமாக மென்றார். கண் கலங்கவில்லை, முகம் மாறவில்லை. இன்னொரு உருண்டை எடுத்து அதையும் மென்று விழுங்கினார். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் கிண்டி இருக்கீங்க சம்பந்தி. ஆனா இஞ்சி தெரியலியே."

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்கு, தேவநாதன் மூக்குக்குக் கீழே வந்து நின்றது. சக்கரை கேட்ட சித்தப்பா கூட அங்கேதான் பார்த்தார். வெண்ணிலா வேண்டாம்பா என்றாள். சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அதைச் சொல்கிற புத்தி இருந்தால் அவர் இஞ்சியைக் கழுவியிருக்கவே மாட்டார்.

"சொன்ன வார்த்த சொன்னதுதான். பிளேடு குடுங்க சம்பந்தி," என்று தணிகாசலத்தைப் பார்த்துச் சொன்னார்.

தணிகாசலம் அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். குழாயடியில் கண்ணாடியை மாட்டினார். கிண்ணத்தில் வெந்நீர், புது பிளேடு, சோப்பு, துண்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்துவைத்தார். நுரையைக் குழைத்துக் கொடுக்கிற கை பழகின கையாக இருந்தது. பக்கத்தில் சமையலறை ஜன்னல். உள்ளே லட்சுமியம்மாள் விருந்துக்குச் சாம்பாரில் உப்பு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தணிகாசலம் ஜன்னலைப் பார்ப்பதும் தேவநாதனைப் பார்ப்பதுமாக நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

தேவநாதன் கண்ணாடியில் மீசையைக் கடைசியாக ஒரு தரம் முறுக்கினார். முப்பது வருஷ மீசையின் இடது பக்கத்தை ஒரே இழுப்பில் எடுத்தார். மை பூசிய மயிர்க்கற்றை நுரையோடு தொட்டியில் விழுந்தது. பிளேடை அலம்பிவிட்டு வலது பக்கத்துக்குக் கொண்டுபோனார்.

அப்போது அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்த மாதிரி தணிகாசலம் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார். மழித்த மேலுதட்டை ஒரு தரம் தடவிக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கொரோனா வந்துட்டுப் போனதுலேர்ந்து அவளுக்கு நாக்குல ஒரு ருசியும் தெரியாது சம்பந்தி. அது எனக்குப் புரியறதுக்குள்ள, கூடத்து போட்டோவுல இருக்குதே, என்னோட அந்த மீசையும் இதே மாதிரிதான் போயிடுச்சு."